அசெலாஸ்டின் மூக்கு ஸ்பிரே: தொண்டையில் கசப்பு, பகலில் தூக்கம்

ஒவ்வாமைக்கான அசெலாஸ்டின் ஸ்பிரேயை மூக்கில் அடித்தால் தொண்டை கசக்கிறது, பகலில் தூக்கம் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கசப்புக்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை; ஆனால் தூக்கக் கலக்கம் இருக்கும்வரை பெங்களூரின் நெரிசலான சில்க் போர்டு சந்திப்பு வழியாக ஸ்கூட்டர் ஓட்டி அலுவலகம் செல்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

தலையைப் பின்னால் சாய்த்து அடித்து, உடனே பலமாக உறிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மருந்து மூக்கில் தங்காமல் தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது. முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்னால் குனிந்து, முனையை நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கமாகத் திருப்பி அடித்து, மெதுவாக மூச்சிழுங்கள். தொண்டைக்கு வந்துவிட்டால் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

தூக்கம் இந்த மருந்தாலும் வரக்கூடும். ஆயினும் இரவில் லெவோசெட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையும் போடுகிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும், மதுவும் அப்படியே. மாத்திரை அவசியமா என்பதை எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

குப்பியின் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனெனில் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரேக்களைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பிவிடும். அசெலாஸ்டினில் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் வீட்டருகே காலிமனை முழுக்கப் பார்த்தீனியம் என்ற களைச்செடி பூத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டும், ஆகவே அந்தப் பக்கச் சன்னலை மூடியே வையுங்கள்.

அடிக்கடி மூக்கில் இரத்தம் வந்தாலோ, மூச்சிரைத்தாலோ, நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே தொடருங்கள்.