எல்லையோர ஓட்டு: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, பொள்ளாச்சியிலிருந்து கேரளத்துப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்துட்டோம். வாக்காளர் பட்டியல்ல பேரை இங்கே மாத்த ஃபார்ம் 6 கொடுத்தால் போதுங்களா?

கொடுக்காதீங்க. ஃபார்ம் 6 முதல்முறை பேர் சேர்ப்பவர்களுக்கு. வேறெங்கும் பேர் இல்லை என்று அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய்யானால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. உங்களுக்கானது ஃபார்ம் 8. அதில் 'இருப்பிட மாற்றம்' என்பதைக் குறித்து, பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதி, புது முகவரிக்கான சான்றை இணையுங்கள். ஆதார், பாஸ்புக், பதிவு செய்த வாடகைப் பத்திரம், ஏதாவது ஒன்று போதும். பொள்ளாச்சிப் பேரை நீக்கும் வேலையும் அதிலிருந்தே தொடங்கும்.

வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. ஆட்சேபணைக்கு 7 நாள் விட வேண்டியிருப்பதால் அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். பலருக்கும் தவறிப்போவது இங்கேதான்: அட்டை கையில் இருக்கிறது என்று இருந்துவிடுகிறார்கள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் அட்டை இருந்தும் ஓட்டு இல்லை.

கோயமுத்தூர் மில்லில் வேலை, ஓட்டு பாலக்காட்டுச் சித்தூரில். லீவு கிடைக்குமா?

கிடைக்கும், சம்பளத்தோடு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135B பிரிவு தினக்கூலிக்கும் பொருந்தும். லீவு உங்கள் ஓட்டு இருக்கும் ஊரின் தேதிக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. அப்போது உங்களுக்கு உரியது 26-தான். அட்டை நகலோடு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

தேதி வேறவேறயா இருந்தா ரெண்டு பக்கமும் போடலாமே?

கூடாது. ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதியில் போட்டால் இரண்டுமே செல்லாது.

என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னு சொன்னா?

திரும்பி வந்துவிடாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி வாக்குச்சீட்டு கேளுங்கள். மெஷினில் போட முடியாது. சீட்டு தனி உறையில் போகும். எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கும்.

சட்டமன்றப் பட்டியலில் பேர் இருக்கு. பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் அதே போதுமா?

தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலை வைத்தே உள்ளாட்சிப் பட்டியல் போடுவார்கள். கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதிலும் பாருங்கள்.

எங்க பூத்தில் சதவீதம் ஏன் குறைவாவே இருக்கு?

ஓட்டுப் போட்டவர்களைப் பட்டியலில் உள்ளவர்களால் வகுப்பதுதான் சதவீதம். இறந்தவர், ஊர் மாறிப்போனவர் பேர் நீங்காமல் கிடந்தால் அது தானாகவே குறையும். ஃபார்ம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர் பேர் விடுபடுவது இதைவிட மோசம். ஆனால் அது சதவீதத்தில் தெரியவே தெரியாது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பேரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். அதனால் வீட்டுப் பெண்களின் பேரையும் எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் அதற்கும் ஃபார்ம் 8-தான்.