விண்டோவுக்குள் வெட்டுப்படும் வரைபட அச்சு லேபிள்கள்

அண்ணாச்சி, வணக்கம்.

பாபநாசம் அணையின் நீர்மட்டம் மேலே, நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை மழையளவு கீழே என்று இரண்டு வரைபடம் காட்டும் சின்ன அப்ளிகேஷன் ஒன்றை பைத்தானில் டிகேஇன்டரும் (விண்டோ அமைக்க) மேட்பிளாட்லிபும் (வரைபடம் வரைய) வைத்து எழுதியிருக்கிறேன். விண்டோ 800க்கு 450. வரைபடம் காட்டும் கேன்வாஸை கிரிடில் (வரிசை, நெடுவரிசைக் கட்டங்களில்) வைத்திருக்கிறேன். கீழே சாய்த்துப் போட்ட ஊர்ப்பெயர்கள் பாதியில் நின்றுவிடுகின்றன, அச்சின் லேபிள் தெரியவே இல்லை. ஓர இடைவெளியைத் தானே சரிசெய்யும் டைட் லேஅவுட் கொடுத்தும் சரியாகவில்லை. ஆனால் சேமிக்கும் எல்லையைக் குறிக்கும் பிபாக்ஸ் இஞ்சஸை டைட் என்று வைத்துப் படமாகச் சேமித்தால் முழுதாக வருகிறது. எதனால்?

வாசகர், அம்பாசமுத்திரம்

தம்பிக்கு,

உங்கள் விண்டோவில் இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது அப்படியே நிற்கும், அதனால்தான் எது செய்தாலும் பலனில்லாதது போலத் தெரிகிறது.

முதலில் ஃபிகரின் (வரைபடங்கள் எல்லாம் அமரும் முழுப் பரப்பு) பின்னணிக்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்து, அதன் ஓரத்துக்கு 6 பாயிண்ட் தடிமனில் சிவப்புக் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். சிவப்புக் கோடு நான்கு பக்கமும் தெரிந்தால் கேன்வாஸ் முழுதாக இருக்கிறது, லேபிள்தான் ஃபிகருக்கு வெளியே போயிருக்கிறது. கீழ்க்கோடு காணவில்லை என்றால் கேன்வாஸையே விண்டோ வெட்டுகிறது. உங்களுக்குக் கீழ்க்கோடு தெரியாது. ஃபிகருக்கு அளவு எதுவும் கொடுக்காவிட்டால் 6.4க்கு 4.8 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி (டிபிஐ), ஆக 640க்கு 480 பிக்சல் கேட்கும். விண்டோவின் உயரமோ 450தான். கிரிடில் வெயிட் (இடம் கூடும்போதும் குறையும்போதும் எடுக்கும் பங்கு) கொடுக்காத வரிசை சுருங்காது, மிஞ்சியது வெளியே போய்விடும். ரோ கன்ஃபிகரிலும் காலம் கன்ஃபிகரிலும் வெயிட் 1 கொடுத்து, கட்டத்தின் எந்தப் பக்கங்களோடு ஒட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டிக்கியில் நான்கு திசையும் போடுங்கள். டூல்பார் (பொத்தான் பட்டை) வைத்திருந்தால் அதற்குத் தனி வரிசை, வெயிட் வேண்டாம். கிரிடுக்குப் பதில் பேக் பயன்படுத்துகிறவர்கள் டூல்பாரை முதலில் அடிப்பக்கம் வைத்துவிட்டு, கேன்வாஸைக் கடைசியில் ஃபில், எக்ஸ்பேண்ட் இரண்டோடும் வைக்க வேண்டும். பேக் வரிசைப்படிதான் இடம் பங்கிடும். கேன்வாஸ் சுருங்கிக்கொடுக்கும், டூல்பார் கொடுக்காது.

இப்போது சிவப்புக் கோடு முழுதாகத் தெரியும், பெயர்கள் இன்னும் வெட்டுப்பட்டே இருக்கும். காரணம் இதுதான்: ஓர இடைவெளி ஃபிகர் அளவின் விகிதம், எழுத்தோ மாறாத அளவு. கீழ் ஓரம் இயல்பாக 0.11. 480 உயரத்தில் அது 53 பிக்சல், 400க்குச் சுருங்கினால் 44. 10 பாயிண்ட் எழுத்து 100 டிபிஐயில் ஏறக்குறைய 14 பிக்சல், ஃபிகர் சுருங்கினாலும் அதே 14தான். டிக் கோடு (அச்சில் உள்ள சிறு குறி), அதன் எண், லேபிள், நடுவே உள்ள இடைவெளிகள் எல்லாம் சேர்ந்தே 40 பிக்சலுக்கு மேல் பிடிக்கும். 'காக்காச்சி'யை 45 டிகிரி சாய்த்தால் இன்னும் கூடும்.

டைட் லேஅவுட்டை நீங்கள் விண்டோ திறக்கும் முன்பே ஒருமுறை கூப்பிட்டிருப்பீர்கள். அது 640க்கு 480க்குக் கணக்குப் போட்டு விகிதத்தை எழுதி வைத்துவிட்டது. பிறகு அளவு மாறியது அதற்குத் தெரியாது. சேமித்த படம் சரியாக வருவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்: பிபாக்ஸ் டைட் கோப்பை மட்டும் அகலப்படுத்தும், திரையைத் தொடாது.

ஃபிகரை உருவாக்கும் வரியிலேயே லேஅவுட்டுக்கு 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்று கொடுங்கள் (மேட்பிளாட்லிப் 3.5 முதல் இப்படி எழுதலாம்). இது ஒவ்வொரு தடவை வரையும்போதும் புதிதாகக் கணக்கிடும். விண்டோவை இழுத்தாலும் கூடவே வரும். டைட் லேஅவுட் வரியை அழித்துவிடுங்கள், ஓரத்தைக் கையால் வைக்கும் சப்பிளாட்ஸ் அட்ஜஸ்ட்டையும் சேர்த்து. இரண்டும் இதோடு ஒத்துப்போகாது. ஊர்ப்பெயர்களுக்கு ஹெச்ஏ (கிடைமட்ட ஒழுங்கு) மதிப்பு 'ரைட்' இருக்கட்டும், இல்லையென்றால் சாய்ந்த பெயர் தன் பட்டைக்கு நேராக முடியாது. ஆட் ஆக்சஸ் கொண்டு கையால் இடம் குறித்த வரைபடங்களை இது தொடாது. ஆட் சப்பிளாட் வழியாக வந்தவற்றை மட்டுமே நகர்த்தும்.

விண்டோவுக்கு மின்சைஸ் 560க்கு 420 போலக் குறைந்த அளவும் வையுங்கள். மிகச் சிறிதானால் வரைபடத்துக்கே இடமில்லை என்று மேட்பிளாட்லிப் எச்சரித்து, லேஅவுட்டைக் கைவிட்டுவிடும்.

நீர்மட்டத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பதாக இருந்தால் மட்டும் ஒரு தொந்தரவு உண்டு. அச்சின் எண் 99லிருந்து 100க்குத் தாண்டும்போது இடப்பக்கம் அகன்று வரைபடம் அசையும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி என்பதால் ஒய் அச்சின் எல்லையை 0 முதல் 150 என்று கட்டிவிடுங்கள். அந்த அசைவு நின்றுவிடும். மழையளவுக்கு அப்படி எல்லை கட்ட முடியாது. ஒருநாள் 5 மில்லிமீட்டர், மறுநாள் 200 என்று நாலுமுக்கு காட்டும். அங்கே கன்ஸ்ட்ரெயின்ட்டை விட்டுவிட்டு, ரீசைஸ் ஈவென்டில் (விண்டோ அளவு மாறும் ஒவ்வொரு முறையும்) ஓரத்தைப் பிக்சலாகவே கட்டுவது நான் விரும்பும் வழி: இடது ஓரம் 70ஐ அகலத்தால் வகுத்தது, கீழ் ஓரம் 90ஐ உயரத்தால் வகுத்தது. இந்த இரண்டையும் சப்பிளாட்ஸ் அட்ஜஸ்ட்டுக்குக் கொடுத்து, மறுபடி வரையச் சொல்லும் டிரா ஐடில் கூப்பிடுங்கள். 90 போதவில்லை என்றால் 100 ஆக்குங்கள். மிக நீளமான ஊர்ப்பெயரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.