கல்லறை உங்களுடையது, டிராயிங் அவருடையது

கேள்வி: தூத்துக்குடியில் எங்கள் குடும்பக் கல்லறையை எடுத்துக் கட்ட ஒரு ஆர்க்கிடெக்டிடம் 80,000 ரூபாய் பேசி, 50,000 கொடுத்தோம். அப்பா உயிரோடு இருந்தபோது சொன்ன ஆசைகளைக் கேட்டுத்தான் வரைந்தார். டிராயிங் தந்த பிறகு போனை எடுப்பதில்லை; அம்மாவிடம் மரியாதையில்லாமல் பேசினார். கல்லறைத் திருநாள் நெருங்குவதால் நாங்களே கொத்தனாரை வைத்து அஸ்திவாரம் போட்டுவிட்டோம். பெரியப்பா வீட்டுக் கல்லறையையும் இதே மாடலில் கட்டலாம் என்றிருக்கிறோம். இப்போது வேலையை நிறுத்தச் சொல்லி, 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. காசு கொடுத்த டிராயிங் எங்களுடையது இல்லையா?

பதில்: இல்லை. அவர் அம்மாவிடம் பேசியதும் போனை எடுக்காததும் வருத்தம்தான், வழக்குக்கு உதவாது. டிராயிங்கின் காப்புரிமையை (காப்பிரைட்) உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுதி அவர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டில் ஃபீஸ் ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கின்றன. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆவது பிரிவில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம் போன்றவை கொடுத்தவருக்குச் சொந்தம். கட்டடப் பிளான் அந்த வரிசையில் இல்லை. அப்பாவின் ஆசை வெறும் யோசனை. அதற்குக் காப்புரிமை கிடையாது.

உங்களிடம் இருப்பது, அந்த இடத்தில் அந்த ஒரு கல்லறையைக் கட்டிக்கொள்ளும் அனுமதி மட்டும். பாக்கி 30,000-ஐக் காட்டி அதையும் மறுப்பார்.

வேலையை நிறுத்து என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். கட்டத் தொடங்கிய கட்டுமானத்தை நிறுத்தவோ இடிக்கவோ காப்புரிமையைச் சொல்லி உத்தரவு வாங்க முடியாது என்கிறது 59-ஆவது பிரிவு. பணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் செய்யும் காரியம்தான் எனக்குக் கவலை. 'அப்போ அடுத்ததுக்கும் ராத்திரியோடு ராத்திரியா அஸ்திவாரம் போட்டுடலாமே சார்' என்பார்கள். இடிபடாது, சரி. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு தெரியாமல் செய்தோம் என்று சொல்ல முடியாது. கட்டடம் கட்டுவதை 63-ஆவது பிரிவு கிரிமினல் குற்றமாக்கவில்லை; ஆனால் தெரிந்தே மீறியது நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும். என்னிடம் வந்த ஒருவர் டிராயிங்கின் ஜெராக்ஸை கிரானைட் கடையில் விட்டுவிட்டு வந்தார். கடைக்காரர் அதைச் சுவரில் ஒட்டி வைத்து, கேட்ட மூன்று பேருக்கு அதே மாதிரி செய்து கொடுத்துவிட்டார். இவரோ அதற்கு முன்பே 'உன் டிராயிங்கை வெச்சு எத்தனை வேணாலும் கட்டுவேன்' என்று கோபத்தில் ஆர்க்கிடெக்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். வழக்கில் அந்த ஒரு வரிதான் ஆர்க்கிடெக்ட் தரப்பின் முதல் ஆவணம் (ஏ1). கடைக்காரர் செய்ததற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் பேசி முடியுங்கள். பாக்கி 30,000-ஐக் கொடுங்கள்; பெரியப்பா வீட்டுக் கல்லறைக்கும் சேர்த்து ஒரு தொகை பேசுங்கள். பதிலுக்கு இரண்டு கல்லறைக்கும், டிராயிங்கில் மாற்றம் செய்துகொள்ளவும் எழுத்து மூலம் அனுமதி, நோட்டீஸ் வாபஸ். வழக்கு நடத்தினால் என் ஃபீஸே இதைத் தாண்டும்.

பெரியப்பா வீட்டு வேலையைத் தொடாதீர்கள். கொத்தனாரிடம் இருக்கும் நகல்களை எண்ணி வாங்கி வையுங்கள். நோட்டீஸுக்குப் பதில் வக்கீல் மூலம் போகட்டும். அதுவரை ஆர்க்கிடெக்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வேண்டாம்.