நண்பர் இறந்துவிட்டார், அவசரப்பட்டு அந்தப் படிவத்தை அனுப்பிவிடாதீர்கள்

கேள்வி: இணையத்தில் அரசியல் பேசும் ஒரு குழுவில் நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். எங்களில் ஒருவர் சென்ற வாரம் இறந்துவிட்டார். புனைபெயரில் எழுதியவர், யாரும் நேரில் பார்த்ததில்லை. தங்கை என்று சொல்லி ஒருவர் அவருடைய முகநூல் கணக்கிலிருந்தே செய்தி போட்டார். நண்பர் தனியாளாக நடத்திய முகநூல் பக்கத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. கணக்கை நினைவுக் கணக்காக மாற்ற விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஓர் உறுப்பினர். பணம் கொடுத்தால் கணக்கைத் திறந்து தரும் ஆள் இருக்கிறார் என்கிறார் இன்னொருவர். நண்பரை எப்படி நினைவுகூர்வது?

பதில்: நினைவுகூர்வதைப் பிறகு பார்ப்போம். விண்ணப்பிக்கத் துடிக்கும் அந்த உறுப்பினரை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். அவர் மனம் நல்லதுதான். ஆனால் நான் பார்த்த இழப்புகளில் பாதி இப்படிப்பட்ட நல்ல மனக்காரர்களால் வந்தவை.

முகநூலில் ஒருவர் இறந்துவிட்டதாக உறவினர் மட்டுமல்ல, நண்பரும் தெரிவிக்கலாம். இறப்புக்குச் சான்று கேட்பார்கள். ஏற்றுக்கொண்டால் அது நினைவுக் கணக்காகும், பெயரோடு நினைவுகூரும் சொல் ஒன்று சேரும், பிறந்தநாள் நினைவூட்டல்கள் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கணக்குக்குள் யாரும் லாகின் செய்ய முடியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் முடியாது. இறப்புக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள அவரே உயிரோடு இருந்தபோது ஓர் ஆளை நியமித்திருந்தால், அந்த ஆள் ஒரு பதிவை மேலே நிறுத்தலாம், படத்தை மாற்றலாம், இப்படிச் சில வேலைகள் மட்டும் செய்யலாம். பழைய செய்திகளைப் படிக்க அவராலும் முடியாது.

இப்போது உங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பொதுவாக இதை யாரும் சொல்வதில்லை. தனிக் கணக்கு வேறு, அவர் நடத்திய பக்கம் வேறு. கணக்கு நினைவுக் கணக்கானால் அதிலிருக்கும் பதிவுகள் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு அவர் ஒருவர் மட்டுமே நிர்வாகியாக இருந்தால், கணக்கு நினைவுக் கணக்கானதும் அந்தப் பக்கம் நீக்கப்படும். நிறுவனத்தின் விதியிலேயே இது இருக்கிறது. இன்னொரு நிர்வாகி இருந்தால் பிரச்சினை இல்லை. நீங்கள் ‘தனியாளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அஞ்சலி என்று நினைத்து அனுப்பும் படிவம், அவர் எழுதிச் சேர்த்த அத்தனையையும் துடைத்துவிடும். ஆக, முதலில் பக்கத்துக்கு இரண்டாவது நிர்வாகி, பிறகுதான் படிவம். வரிசை மாறக் கூடாது.

இரண்டாவது நிர்வாகியை யார் சேர்ப்பது? அண்ணனின் போன் தங்கையிடம் இருக்கிறது, கணக்கு அதில் திறந்தே இருக்கிறது என்றுதான் தெரிகிறது. அந்தப் போனிலிருந்து பக்கத்தின் அமைப்புக்குள் போய் நம்பகமான ஒருவரைச் சேர்க்கலாம், அவர் அழைப்பை ஏற்க வேண்டும். நடுவில் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்கலாம். இங்கேதான் குடும்பங்கள் தவறுகின்றன. இறந்தவரின் சிம்மை எதற்கு வீணாக ரீசார்ஜ் செய்வது என்று முதல் மாதமே விட்டுவிடுவார்கள். ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். எண் போனால் மின்னஞ்சல், முகநூல், வங்கி எல்லாக் கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். சில மாதத்தில் அதே எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்கும் போய்விடலாம். எல்லா வேலையும் முடியும்வரை அந்த சிம் உயிரோடு இருக்கட்டும் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

அடுத்தவர் கணக்குக்குள் போவது நிறுவன விதிக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்வார்கள். சரிதான். ஆனால் விதிப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு வழக்கு இருக்கிறது. 2012-ல் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். மகளின் முகநூல் பாஸ்வேர்டு தாயிடம் இருந்தது. இருந்தும் கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. நாட்குறிப்பும் கடிதமும் போலக் கணக்கும் வாரிசுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-ல். அதற்குப் பிறகும் நிறுவனம் கொடுத்தது 14,000 பக்கத்துக்கு மேல் இருந்த ஒரு பிடிஎஃப், ஒரு பென் டிரைவில். அது போதாது என்று சொல்ல 2020-ல் இன்னொரு உத்தரவு வேண்டியிருந்தது. மகளை இழந்த பெற்றோருக்கு எட்டு ஆண்டு அலைச்சல்! இறப்பு என்ற ஒன்று உலகில் உண்டு என்பதே தெரியாதவர்கள் வடிவமைத்த அமைப்பு இது. எக்ஸ் தளத்தில் நினைவுக் கணக்கு என்ற ஏற்பாடே கிடையாது. குடும்பத்தார் சான்றிதழும் அடையாள அட்டையும் அனுப்பினால் கணக்கை மூடுவார்கள், அதோடு சரி.

பணம் வாங்கித் திறந்து தரும் ஆளுக்கு வருவோம். அப்படி ஒரு நேர்மையான தொழிலே கிடையாது. அந்த நிறுவனங்களுக்குள் கதவு திறந்துவிடும் ‘உள் ஆள்’ இருக்கிறார் என்று சொன்னால் நம்பாதீர்கள். இவர்கள் கேட்பது மூன்று: இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், அப்புறம் ‘உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க’. மூன்றையும் கொடுத்தால் கணக்கு அவர்கள் கையில். வாசகர்கள் நிறைந்த அரசியல் பக்கத்துக்குச் சந்தையில் விலை உண்டு. அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த கட்சியின் பிரச்சாரம் அவர் பெயரிலேயே வந்தால் என்ன செய்வீர்கள்? இதே ரகத்தில் இன்னும் சிலர் வருவார்கள். இறுதிச் சடங்கை நேரலையில் பார்க்க லிங்க் அனுப்பி வங்கி அட்டை விவரம் கேட்பார்கள், குடும்பத்துக்கு நிதி என்று கியூஆர் கோடு போடுவார்கள். தங்கையே வாய்திறந்து கேட்காத எந்த வசூலும் குழுவில் வேண்டாம்.

ஆமாம், அந்தத் தங்கை உண்மையான தங்கைதானா? கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்டாக வேண்டும். 2011-ல் சிரியாவைச் சேர்ந்த ஒரு பெண் அரசியல் எழுத்தாளர் கடத்தப்பட்டதாக அவருடைய உறவினர் பெயரில் செய்தி வந்தது. உலகமே அவருக்காகக் குரல் கொடுத்தது. கடைசியில் அந்தப் பெண்ணும் இல்லை, உறவினரும் இல்லை. அத்தனையும் எழுதியவர் ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆண். உங்களில் ஒருவர் மட்டும் தங்கையோடு வீடியோ அழைப்பில் பேசட்டும். குழுவே கூடி விசாரணை நடத்த வேண்டாம்.

எழுத்துகளைச் சேமிப்பதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவையில்லை. பொதுவில் இருக்கும் பதிவுகளை ஆளுக்கு ஓர் ஆண்டு என்று பிரித்துக்கொண்டு தேதியோடு நகலெடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்யலாம், டெலிகிராமிலும் கணினியில் அந்த வசதி உண்டு. ஒன்றைப் பாருங்கள்: குழுவில் தானாக மறையும் செய்திகள் என்ற அமைப்பை யாராவது போட்டு வைத்திருந்தால், அவருடைய கடைசிப் பதிவுகள் இப்போதே கரைந்துகொண்டிருக்கலாம். தனிச் செய்திகளை யாரும் வெளியிட வேண்டாம்.

இனி அஞ்சலி. புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வழியனுப்புங்கள். ஊர், வேலை, படம் எதுவும் தங்கை சம்மதிக்காமல் வெளியே போகக் கூடாது. அந்தக் கருத்துகளோடு வீட்டார் வாழ வேண்டியிருக்கும். விக்கிப்பீடியாவில் இறந்த பங்களிப்பாளர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பயனர் பக்கத்தை யாரும் திருத்த முடியாமல் பூட்டிவிடுவார்கள், அந்தக் கணக்குக்கு இருந்த சிறப்பு உரிமைகளையும் எடுத்துவிடுவார்கள். உங்கள் குழுவில் அவர் அட்மினாக இருந்திருந்தால் நீங்களும் அதைச் செய்யுங்கள், மரியாதைக் குறைவு இல்லை.

அஞ்சலியில் அவருடைய அரசியலைச் செதுக்கி அழகு பார்க்காதீர்கள். எல்லோரோடும் இனிமையாகப் பழகியவர் என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் இறந்தவரின் கடைசிச் செய்தி ‘நீங்கள் சொன்ன புள்ளிவிவரம் தப்பு, நாளைக்கு ஆதாரத்தோடு வருகிறேன்’ என்பது. அட்மின் அதைத்தான் குழுவின் மேலே நிறுத்தி வைத்தார். அவரோடு தினமும் மல்லுக்கட்டிய ஆள் அந்தப் புள்ளிவிவரத்தைத் தானே தேடிப் பார்த்து, கீழே ‘தப்புதான்’ என்று எழுதினார்.

தங்கையிடம் இன்று இரவே பேசிவிடுங்கள். சிம், இரண்டாவது நிர்வாகி, இந்த இரண்டு மட்டும் போதும். படிவம் அடுத்த மாதம்கூடப் போகலாம்.