பசிபிக் பெருங்கடல் தீவு நாடான பலாவு போகிறோம். பெலேலியு தீவின் போர்க்கள இடங்களைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்கலாம். முன்பு தலைநகராக இருந்த கொரோரிலிருந்து வேகப்படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

தீவின் பரப்பளவு சுமார் 13 சதுர கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 15 அன்று, ஜப்பானியர் வசமிருந்த இந்தத் தீவில் அமெரிக்க மரைன்கள் (கடற்படைக் காலாட்படையினர்) இறங்கினார்கள். நாலு நாளில் முடிந்துவிடும் என்று அவர்களின் தளபதி கணக்குப் போட்டார். முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. காரணம், குகைகள். ஜப்பானியர்கள் வழக்கத்துக்கு மாறாக, கடற்கரையிலேயே மோதித் தீர்க்காமல், சுண்ணாம்புப் பாறைக்குள் நூற்றுக்கணக்கான குகைகளில் பதுங்கிச் சண்டை போட்டார்கள். சுமார் 10,000 ஜப்பானிய வீரர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. அதில் 34 பேர் போர் முடிந்தது தெரியாமல், நம்பாமல், 1947 வரை ஒளிந்திருந்தார்கள்!

என்னைக் கேட்டால், முதலில் ஜப்பானியத் தலைமையகக் கட்டடம். கூரையில் குண்டு துளைத்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வேர்கள் இறங்கியிருக்கும். அப்புறம் ஆயிரம் பேர் குகை. குனிந்துதான் நுழைய வேண்டும், டார்ச் கட்டாயம். தரையில் இன்னும் பழைய பாட்டில்கள் கிடக்கின்றன. விமானத்தளத்துப் பக்கம் துருப்பிடித்த டாங்கியும் உண்டு.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னமும் அகப்படுகின்றன. தோட்டா உறையைக்கூட நினைவுப்பொருளாக எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடை கண்ணி குறைவு.