இந்திரா வாழ்ந்த வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி: டிசம்பர் லீவில் குடும்பத்தோடு டெல்லி போகிறோம். பெரியவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 9. மாமியாரும் வருகிறார். இந்திரா காந்தி இறந்த வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். ரத்தக்கறை படிந்த புடவையை அங்கே வைத்திருக்கிறார்களாமே, சின்னவனுக்குக் காட்டலாமா? அதைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
- வாசகி, கரூர்

பதில்: கண்டிப்பாகப் போங்கள். டெல்லியில் நான் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தில், ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களை எல்லாம் எண் 1, சப்தர்ஜங் சாலைக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. செங்கோட்டையும் குதுப் மினாரும் பார்த்த அலுப்பில் வருகிறவர்கள்கூட இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். உங்கள் மாமியார் ஆசைப்படுவதும் எனக்கு நன்றாகப் புரிகிறது. 1984 அக்டோபரில்தான் சென்னை அப்போலோவில் சிகிச்சையில் இருந்த எம்.ஜி.ஆரை வந்து பார்த்துவிட்டுப் போனார் இந்திரா. அந்த மாதம் முடிவதற்குள் அவரே இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு அது வீட்டில் நடந்த சாவு மாதிரிதான்.

முதல் அறைகளில் சுவர் முழுக்கப் புகைப்படங்களும் பத்திரிகைச் செய்திகளும் இருக்கும். விளக்கங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். மாமியாருக்குப் படித்துச் சொல்லும் வேலையைப் பெரியவளிடம் கொடுங்கள். 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது, 1971-ல் வங்கதேசப் போர் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை, பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கட்டும்.

புடவைக்கு வருவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. காவி நிறம், கறுப்புக் கரை. குண்டு துளைத்த ஓட்டைகள் தெரியும், ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருக்கும். அன்று அவர் வைத்திருந்த கைப்பையும் போட்டிருந்த செருப்பும் கூடவே இருக்கின்றன. சிறு பிள்ளைகள் பெரும்பாலும் புடவையை விட்டுவிட்டு அந்தச் செருப்பைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பெரியவள் தாராளமாகப் பார்க்கலாம். சின்னவனிடம் முந்தின ராத்திரியே, உள்ளே இன்னது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போய்த் திடீரென்று முன்னால் நிறுத்துவதுதான் தப்பு. பார்க்க வேண்டாம் என்று அவன் சொன்னால் அப்பாவோடு தோட்டத்துக்குப் போகட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம்.

இதே வீட்டில் ராஜீவ் காந்தி பற்றிய பகுதியும் உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அவர் உடுத்தியிருந்த துணியில் மிஞ்சிய துண்டுகளும் காலணியும் அங்கே இருக்கின்றன. நம் மண்ணில் நடந்தது என்பதால் எனக்கு அந்த இடம் எப்போதும் கூடுதல் பாரம்.

புடவையைப் பார்த்த கையோடு கூட்டம் வெளியே போய்விடும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அப்புறம்தான் இந்திரா புழங்கிய அறைகள் வருகின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். படிப்பறையில் அலமாரி நிறையப் புத்தகம். பிரதமர் வீடு என்றதும் பிள்ளைகள் அரண்மனையைக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள்; இதுவோ ஆடம்பரம் இல்லாத ஒரு பங்களா. அதிகாரத்தில் இருந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த அறைகள் நன்றாகச் சொல்லும் என்பது என் எண்ணம். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தோட்டத்துப் பாதை. 1984 அக்டோபர் 31 காலை, பக்கத்தில் அக்பர் சாலையில் இருந்த அலுவலகத்துக்கு இந்த வழியாகத்தான் நடந்தார். அங்கே பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினோவ் தொலைக்காட்சிப் பேட்டிக்காகக் காத்திருந்தார். முந்தின நாள்தான் புவனேஸ்வரத்தில் இந்திரா, தன் ரத்தத்தின் ஒவ்வொரு துளியும் இந்தியாவுக்கு வலு சேர்க்கும் என்று பேசியிருந்தார். அந்தப் பாதையை இப்போது கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியா அன்பளிப்பாகத் தந்தது. அவர் விழுந்த இடத்தில் மட்டும் கீழே இருக்கும் தரை தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள்.

"ஏன் சுட்டாங்க?" என்று சின்னவன் அங்கேதான் கேட்பான். மழுப்பாமல் சொல்லுங்கள். அந்த ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது, அதில் கொதித்துப்போன சீக்கியர்களில் அவருடைய காவலர்கள் இருவரும் இருந்தார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அது அரசுக் கணக்கு. என் வகுப்பில் படித்த ஒரு சீக்கியப் பையன் சில வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது தலைப்பாகை இல்லை. பயந்துபோய் வீட்டிலேயே முடியை வெட்டிவிட்டிருந்தார்கள். பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தான், அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. அவனைச் சேர்க்காமல் இந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நெருக்கடி நிலையையும் பெரியவளுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, 1976 ஜனவரியில் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைப்பு. அன்போடு கட்டிய நினைவில்லத்தில் எல்லாக் கணக்கும் இருக்காது. பாட்டி இந்திராவுக்காக அழட்டும், பேத்தி கேள்வி கேட்கட்டும். இரண்டுக்கும் அந்த வீட்டில் இடம் இருக்கிறது.

கேள்வி: கட்டணம் உண்டா? மெட்ரோவில் போக முடியுமா?
- அதே வாசகி

பதில்: கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள். மஞ்சள் வழித்தடத்தில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்குங்கள். பழைய ஆட்கள் ரேஸ் கோர்ஸ் என்பார்கள். மாமியாருக்கு முட்டிவலி என்றால் அங்கிருந்து ஆட்டோ பிடித்துவிடுங்கள். காலையில் திறந்ததுமே போய்விட்டால் பஸ் பஸ்ஸாக வரும் கூட்டத்துக்கு முன்பே பார்த்துவிடலாம்.

கேள்வி: அதே நாளில் இன்னொரு தலைவரின் வீட்டையும் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: லால் பகதூர் சாஸ்திரியின் நினைவில்லம். மோதிலால் நேரு மார்க்கில் இருக்கிறது. பெரிய கூட்டம் வராது, எனக்கு அதில் வருத்தம்தான். அங்கே அவருடைய ஃபியட் கார் நிற்கிறது. விலை 12,000 ரூபாய். கையில் பணம் போதாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 கடன் வாங்கினார், பிரதமராக இருந்துகொண்டே. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் தீரவில்லை. மனைவி லலிதா தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார். காரைக் காட்டுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய கார் ஒன்று நிற்கிறது என்று தாண்டிப்போய்விடுவார்கள்.