யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும்: படத் தரம், ஒலி, உரிமை (கேள்வி பதில்)

1080பி பார்க்க 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். நான் யூடியூபில் ஏற்றிய குறும்படக் கோப்பு 12 எம்பிபிஎஸ். அப்படியும் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏன் சார்?

நீங்கள் ஏற்றும் கோப்பை யாரும் பார்ப்பதில்லை. யூடியூப் அதை மறுபடி சுருக்கித்தான் காட்டுகிறது. நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ வந்து குவியும் இடம். ஒவ்வொன்றையும் நிதானமாகச் சுருக்க நேரம் கிடையாது. நெட்ஃபிளிக்ஸுக்குப் போவது புரோரெஸ் அல்லது ஜேபெக் 2000 மாஸ்டர், அதாவது தரம் அதிகம் இழக்காத மூலக் கோப்பு. 2015 கடைசியிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்பது) கணக்குப் போடுகிறார்கள்.

வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து கோடெக் (சுருக்கும் முறை) வரியைப் பாருங்கள். ஏவிசி1 (பழைய கோடெக்) என்று இருந்தால் காரணம் அதுதான். சிறிய சேனல்களின் 1080பி கோப்புக்குப் பெரும்பாலும் அதுவே கிடைக்கும். எடிட்டிங்கில் 2560×1440 ஆக்கி எக்ஸ்போர்ட் செய்யுங்கள், விபி9 (இன்னும் திறமையாகச் சுருக்கும் கோடெக்) கிடைக்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் யூடியூப் சொல்வது 16 எம்பிபிஎஸ், 30 எம்பிபிஎஸ் வைத்தாலும் நட்டமில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த கோப்பை மட்டும் ஏற்றாதீர்கள், அது ஏற்கெனவே சுருங்கியது.

1080-இல் எடுத்ததை 1440 ஆக்கினால் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? இது ஏமாற்று வேலை.

புது விவரம் வராது. இருக்கும் விவரம் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். 1440-க்கு யூடியூப் ஒதுக்கும் பிட்ரேட் அதிகம், கோடெக்கும் மேல். ஒரே கோப்பை இரண்டு அளவிலும் 'அன்லிஸ்டட்' (லிங்க் உள்ளவர் மட்டும் பார்ப்பது) ஆக ஏற்றி, எச்டி பிராசசிங் முடியும்வரை காத்திருந்து ஒப்பிடுங்கள். ஏற்றியவுடன் பார்த்தால் 360பி-தான் தெரியும்.

1080 என்ற எண் ஒன்றென்றால் தரமும் ஒன்றுதானே? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யூடியூபே '1080பி பிரீமியம்' என்று தனியாக வைத்திருக்கிறது. எண் அதே 1080, பிட்ரேட் மட்டும் கூடுதல். எண் என்பது பாத்திரத்தின் அளவு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. திரும்பவும் சொல்கிறேன்: வாட்ஸ்அப் கோப்பு வேண்டாம்.

என் போனில் யூடியூப் தெளிவு, நெட்ஃபிளிக்ஸ் மங்கல். நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பாருங்கள். வைட்வைன் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) எல்3 நிலை என்றிருந்தால் எஸ்டி, அதாவது 480பி-க்கு மேல் வராது; எல்1 வேண்டும். பூட்லோடரை (போனைத் தொடக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தால் எல்1 பறிபோகும் போன்கள் உண்டு. சாதாரண யூடியூப் வீடியோவுக்கு இந்தப் பூட்டு இல்லை.

டிவியில் நெட்ஃபிளிக்ஸ் முடித்து யூடியூப் போட்டால் காது அடைக்கிறது!

இரண்டுக்கும் அளவுகோல் வேறு. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை அளந்து −27 எல்கேஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு; எல்யூஎஃப்எஸ் என்பதும் அதுவே) கேட்கிறது, 2 கூடலாம் குறையலாம். யூடியூப் −14 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு மேல் போனால்தான் குறைக்கும். அளக்கும் முறையும் வேறு என்பதால் கழித்துப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது; ஆனாலும் வித்தியாசம் பெரியது. ரிமோட்தான் வழி.

10 விநாடிக்குள் சினிமாப் பாட்டு போட்டால் பிரச்சினை இல்லைதானே அண்ணா?

அப்படி ஒரு விதியே இல்லை. கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள பாட்டு, காட்சியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாடு) சில விநாடிகளையே பிடித்துவிடும். கிளெய்ம் (உரிமை கோரல்) வேறு, ஸ்டிரைக் (உரிமை மீறலுக்கான எச்சரிக்கை) வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். 90 நாளுக்குள் 3 ஸ்டிரைக் வந்தால் சேனலே போய்விடலாம். உரிமை உங்களிடம் இருந்தால் மட்டும் 'டிஸ்பியூட்' (ஆட்சேபம்) போடுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம்.

7 விநாடி என்றால்?

மேலே உள்ளதைப் படியுங்கள்.

வேகத்தைக் கூட்டிப் போட்டால்?

விநாடியோ வேகமோ கணக்கில்லை, அனுமதிதான் கணக்கு. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

எந்தச் சந்தா மலிவு?

விலை அடிக்கடி மாறும். அந்தந்தத் தளத்திலேயே பாருங்கள்.

குறும்படத்தை நெட்ஃபிளிக்ஸுக்கு நேரடியாக அனுப்பலாமா?

முடியாது. அவர்களோடு ஏற்கெனவே தொடர்புள்ள ஏஜென்ட், தயாரிப்பாளர் போன்றவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதுவரை புரோரெஸ் மாஸ்டரை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள். யூடியூபிலிருந்து திரும்ப இறக்கும் கோப்பு மாஸ்டர் ஆகாது.